தண்ணீர் ஊற்றும் கை

நிலோபர் மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். தூத்துக்குடியில் அந்தக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டுத் தொலைப்பார்கள். அந்த வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள், இனி வாயைத் திறக்கக் கூடாது என்று சபதம் எடுப்பார்கள். மறுவாரமே அடுத்த கேள்வியோடு வந்து நிற்பார்கள்.

அந்த வருடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் சிகாமணி. அவருக்கு வயது நாற்பத்தாறு, மேடத்துக்கு முப்பத்திரண்டு. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். சிகாமணி இருபத்திரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். மூன்று முடிச்சுக்கும் மூன்று கோணம் வைக்கத் தெரிந்தவர். கடையை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு வருடப் படிப்பில் வந்து சேர்ந்திருந்தார். பிள்ளைகள் அவரை 'அண்ணே' என்றார்கள். மேடமும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார். மேடம் உள்ளே நுழைந்ததும் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். அந்த வயதில் அது எத்தனை பேருக்கு வரும்?

அவர் படிக்க வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

அவருடைய அக்கா தங்கபுஷ்பம் முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்தது அந்த உப்பு. முதல் கேமராவை வாங்கிக் கொடுத்ததும் அதுதான். தம்பி எடுத்த ஒவ்வொரு வீடியோவையும் அக்கா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல்தான் சொல்வார்.

"நல்லா இருக்கு தம்பி."

கேமரா கோளாறாகிப் பாதிக் கல்யாணம் பச்சையாக வந்தபோதும் அதைத்தான் சொன்னார். தீய்ந்த தோசைக்கும் அதே சொல்தான். அக்கா வாயிலிருந்து வேறொரு சொல் வாங்கிவிட வேண்டும் என்பது சிகாமணியின் ஆசை. பெரிய ஆசைதான். இருபத்திரண்டு வருடமாக நடக்கவில்லை.

படிப்பின் கடைசியில் ஆளுக்கொரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். துறையில் தேறும் ஒன்றை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே தேறினால் சென்னையில் பெரிய அரங்கில் திரையிடுவார்கள், குடும்பத்தை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். சிகாமணி உப்பளத்தைப் பற்றி எடுத்தார். வகுப்புப் பிள்ளைகள் மெட்டுப் போட்டுப் பாடிய நான்கு நிமிடப் பாட்டு. முன்வரிசையில் அக்கா எந்தச் சேலை கட்டி உட்கார வேண்டும் என்பதுவரை அவர் யோசித்து வைத்திருந்தார்.

விதி ஒன்று இருந்தது. படத்தை வகுப்புக்கு வெளியே உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

சிகாமணி துறை அரங்கில் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் கருத்து எழுதிக் கொடுத்த நாற்பத்து மூன்று சீட்டுகள் வந்தன. முப்பதில் 'சூப்பர்' என்று இருந்தது. மீதியில் ஆளுக்கொரு யோசனை. ஒருவருக்குச் சூரிய அஸ்தமனம் வேண்டும். ஒருவருக்கு ட்ரோனில் மேலேயிருந்து பார்க்க வேண்டும். இன்னொருவருக்குப் பாடகர் முகம் போதவில்லை. கேண்டீன் மாஸ்டர், 'வேலை முடிஞ்சு அவங்க என்ன செய்வாங்க?' என்று எழுதியிருந்தார்.

கல்யாண வீடியோக்காரருக்கு இதெல்லாம் பழக்கம். பெரியப்பாவைக் காணோம் என்பார்கள், பெரியப்பாவைச் சேர்ப்பார். அத்தை கோபித்துக்கொண்டார் என்பார்கள், அத்தை இரண்டு தடவை வருவார். அதே மாதிரி இப்போதும் பதின்மூன்று பேர் கேட்டதையும் சேர்த்தார். கேண்டீன் மாஸ்டருக்காக, தன் போனில் எடுத்து வைத்திருந்த ஒரு மூன்று வினாடியையும் ஒட்டினார். வேலை முடிந்து ஒரு பெண் கால் கழுவுகிறாள். கால் மட்டும்தான் தெரியும், மேலேயிருந்து தண்ணீர் விழும்.

பாட்டு நான்கு நிமிடம்தான், அதை இழுக்க முடியாது. படம் கல்யாண ஆல்பத்தைப் படபடவென்று புரட்டுகிற மாதிரி ஓடியது.

மேடம் முழுதும் பார்த்தார். சிகாமணிதான் கேட்டார்.

"மேடம், பதிமூணு பேரு பதிமூணு விதமாச் சொல்லுதாவ. யாரு சொல்லுததைக் கேக்க?"

"நாளைக்கு உப்பளத்துல வேலை எப்ப முடியும் அண்ணே?"

"பன்னெண்டுக்கு முடிஞ்சிரும் மேடம்."

"புரொஜெக்டரை எடுத்து வச்சிடுங்க."

வேலை வந்துவிட்டது என்று சிகாமணிக்குப் புரிந்தது.

உப்பு மூட்டை கட்டுகிற தகரக் கொட்டகை அது. கதவுகளைத் தார்ப்பாயால் மறைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். இருபது பெண்கள் வெறும் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். அக்கா தங்கபுஷ்பம் நடுவில் இருந்தார். பக்கத்தில் அவருடைய கூட்டாளி சண்முகக்கனி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

மேடம் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வேட்டிக்குக் கீழே போட்டார். வேட்டியைப் பார்த்து அல்ல, பெண்களைப் பார்த்து.

"உட்காருங்க அண்ணே."

"படம் பின்னாடில்லா மேடம் ஓடும்?"

"அதை நீங்க பார்த்தாச்சு."

கையில் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். "பாட்டு எந்த இடத்துல ஓடுதுன்னு காதுல தெரியும். அந்த இடத்துல இவங்க என்ன செய்யறாங்களோ, அதை மட்டும் எழுதுங்க."

படம் ஓடியது. இருபத்திரண்டு வருடத்தில் சிகாமணி ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. முகங்கள் மேல் வெளிச்சம் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறியது. அவருக்கு ஏதோ பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

பெண்கள் மடியில் கைவைத்து அமைதியாகப் பார்த்தார்கள். ட்ரோன் வந்தது, அமைதி. அஸ்தமனம் வந்தது, அமைதி. கால் கழுவுகிற மூன்று வினாடி வந்ததும் கொட்டகையில் சத்தம் எழுந்தது.

"ஏட்டி, அது யாரு காலு?"

"விரல் வளைஞ்சிருக்கில்லா, மாரிக்கனி காலுட்டீ."

"ஊத்துதது யாரு?"

"வளையலு கூடத் தெரியலயே."

"செல்லக்கிளியா இருக்கும்."

"அவ எங்க இவளுக்கு ஊத்துதா? அவ வேற ஆளுக்குல்லா ஊத்துவா!"

சிரிப்பும் பேச்சும் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. மீதி ஒன்றரை நிமிடம் யார் முகமும் வேட்டிப் பக்கம் திரும்பவில்லை. பாட்டு முடிந்தது. முடிந்தது தெரிந்ததும் எல்லாரும் மரியாதையாகக் கை தட்டினார்கள். அக்கா எழுந்து வந்தார்.

"நல்லா இருக்கு தம்பி."

சிகாமணி நோட்டை மூடினார்.

மறுநாள் மேடத்தின் அறையில் நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"படிங்க அண்ணே."

"ட்ரோன் வருத இடத்துல அசையாம பாத்தாவ மேடம். அஸ்தமனத்துலயும் அப்படித்தான். ரொம்ப நல்லாப் பாத்தாவ. அந்தக் கால் கழுவுத இடத்துல படமே விழுந்துபோச்சு. பேச ஆரம்பிச்சிட்டாவ. அந்த மூணு செகண்டை வெட்டித் தூரப் போட்டுருதேன்."

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். கல்லூரி ஆண்டு விழாவில் துறை முழுவதும் நின்று எடுத்த படம். அதை அவர் கையில் கொடுத்தார்.

சிகாமணி பார்த்தார்.

"முதல்ல யாரைப் பார்த்தீங்க?"

சிகாமணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "என்னையத்தான் மேடம்."

"கல்யாண ஆல்பத்தை வீட்டுல கொண்டுபோய்க் கொடுப்பீங்க இல்லையா? என்ன செய்வாங்க?"

"பேசுவாவ மேடம். இது யாரு, இது எப்ப எடுத்ததுன்னு ஒரே பேச்சா இருக்கும். அந்தால ஆல்பம் பாட்டுக்குக் கட்டில்ல கிடக்கும்."

"ஆல்பம் நல்லா இல்லைன்னு அர்த்தமா?"

சிகாமணி போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமலே வெளியே வந்தார். வராண்டாவில் அரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

பிறகு அவர் செய்ததை என்னவென்று சொல்ல! ட்ரோனைத் தூக்கினார். அஸ்தமனத்தைத் தூக்கினார். பாடகன் பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், அவன் முகத்தையும் தூக்கினார். பதின்மூன்று சீட்டில் பன்னிரண்டு போயிற்று. கேண்டீன் மாஸ்டர் கேட்ட ஒரே கேள்வி மிஞ்சியது. நான்கு நிமிடமும் வேலை முடிகிற நேரமாக மாறியது. உப்பு வாரும் பலகைகளைச் சாத்தி வைக்கிறார்கள், தலைத் துண்டை உதறுகிறார்கள், கிழிந்த காலுறையைக் கழற்றுகிறார்கள். கடைசியில் கால் கழுவுகிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், அத்தனையும் உப்பு. கால் கழுவ ஆளுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர்தான் கிடைக்கும்.

அந்தக் கடைசிக் காட்சியைப் போனில் எடுத்தபடி விட அவருக்கு மனசில்லை. வகுப்பிலிருந்த மெர்லினை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை நேரத்தில் அக்காவைத் தொந்தரவு செய்யாமல், ஓர் ஓரத்துப் பாத்தியில் வைத்து எடுத்தார். மெர்லின் தனியாக வரப்பில் உட்கார்ந்து, செம்பைச் சரித்து, தன் கால்மேல் தானே தண்ணீர் ஊற்றுகிறாள். தண்ணீர் மெதுவாக, மிக மெதுவாக விழுகிறது. வெயில் அதில் பட்டுத் தெறிக்கிறது. தொழில்காரர் கை, அவ்வளவு அழகாக வந்திருந்தது.

துறையில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். போட்டிக்கு அதைத்தான் அனுப்புவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

வெள்ளி காலையில் மேடம் கேட்டார்.

"அக்கா பார்த்தாச்சா அண்ணே?"

"இல்ல மேடம். சென்னையில முன்வரிசையில உக்காந்து பாக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"இன்னைக்கு மூட்டை மேல உட்கார்ந்து பார்க்கட்டுமே."

மத்தியானம் மறுபடியும் அதே கொட்டகை, அதே வேட்டி. பெண்கள் வேலை முடித்து, கால் கழுவி வந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை ஸ்டூலை யாரும் தூக்கிவரவில்லை. சிகாமணியே தேடி எடுத்துவந்து, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மேடம் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. சுவர் ஓரமாகப் போய்ப் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியதுமே பேச்சும் தொடங்கியது. "என் துண்டுட்டீ அது!" என்றாள் ஒருத்தி. "அந்தக் காலுறை எம்மவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டது" என்றாள் இன்னொருத்தி. பேசினார்கள், திரும்ப வேட்டியைப் பார்த்தார்கள், மறுபடி பேசினார்கள். சிகாமணியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. வெயிலில் தண்ணீர் விழும் சத்தம் பாட்டுக்கு மேல் கேட்டது.

பேச்சு நின்றது. இருபது முகமும் ஒன்றுபோல் அடங்கின. மடியில் கை போயிற்று.

அந்த அமைதியைச் சிகாமணி இப்போது அடையாளம் கண்டுகொண்டார். ட்ரோனுக்கு வந்த அதே அமைதி. நோட்டில் ஒன்றும் எழுதாமல் அக்காவைப் பார்த்தார். நல்லா இருக்கு தம்பி என்று சொல்லப்போகிறார், அவ்வளவுதான்.

அக்கா எழுந்தார். நேராக வேட்டிக்குப் பக்கத்தில் வந்தார். அவர் நிழல் மெர்லின் கால்மேல் விழுந்தது.

"ஏல, நிறுத்து இதை."

சிகாமணி எழுந்து நிறுத்தினார்.

"யாருல இப்படி எடுக்கச் சொன்னது?"

"ஏன்க்கா?"

"எவளாவது தன் காலுக்குத் தானே ஊத்துவாளா? ஒரு கையில செம்பைப் பிடிச்சு, மறு கையால தேச்சா, பாதித் தண்ணி மண்ணுக்குப் போயிரும். இருக்கதே ஒரு செம்பு. ஒருத்தி குனிஞ்சு தேய்ப்பா, இன்னொருத்தி நூலு மாதிரி ஊத்துவா. அப்பத்தான் ரெண்டு காலுக்கும் தண்ணி காணும். இது தெரியாதால உனக்கு?"

"தெரியாதுக்கா."

"முப்பது வருசமா கனிக்கு நான் ஊத்துதேன், எனக்கு அவ ஊத்துதா. சண்டை போட்டுப் பேசாம இருந்த நாள்லயும் ஊத்தியிருக்கோம். கேளு அவகிட்ட."

சண்முகக்கனி மூட்டை மேலிருந்தே சொன்னார். "எம்மவ கல்யாணத்துக்கு நான் நாலு நாள் வரலன்னு, உங்கக்கா நாலு நாளும் கழுவாத காலோட வீட்டுக்குப் போனா. மத்தவளுவ ஊத்துதேன்னு சொன்னாலும் கேக்கல."

"அதை எதுக்குட்டீ இப்ப சொல்லுத?" என்றார் அக்கா. பிறகு தம்பியிடம் திரும்பினார். "அன்னைக்குப் போட்டியே, கோணல் மாணலா ஒண்ணு. அதுலயாவது தண்ணி மேல இருந்து விழுந்துச்சு. யாரோ ஊத்துதான்னு தெரிஞ்சுது. கைதான் இல்ல."

சிகாமணிக்கு அப்போது நினைவு வந்தது. போனில் எடுத்த அன்று செம்பைப் பிடித்திருந்த பெண்ணிடம் அவர்தான் சொன்னார், 'கையைக் கொஞ்சம் வெளிய எடுங்க, பிரேமுக்குள்ள வருது' என்று. மணமேடையில் குறுக்கே வரும் கைகளை இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் விலக்கியிருந்தார். ஊத்துதது யாரு என்று இந்தப் பெண்கள் அன்றைக்கே கேட்டார்கள். அவர் அதைச் சத்தம் என்று எழுதி வைத்திருந்தார்.

அவருக்குக் கண் கலங்கியது. வெட்கமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா வாயிலிருந்து இருபத்திரண்டு வருடத்துச் சொற்கள் ஒரே மூச்சில் வந்திருந்தன.

"இப்ப ரெண்டு பேரும் ஒரு தடவை ஊத்திக் காட்டுங்கக்கா. எடுத்துக்கிடுதேன்."

"கழுவின காலை என்னத்தைப் போட்டுக் கழுவ? தண்ணியும் தீந்துபோச்சு. நாளைக்கு வேலை முடியட்டும், வா. நானும் கனியும் காட்டுதோம். உப்போட இருக்க காலை எடு."

அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே தார்ப்பாயை விலக்கி வெயிலுக்குள் போனார்கள். மற்றவர்களும் போனார்கள்.

கொட்டகையில் சிகாமணியும் மேடமும் மட்டும் இருந்தார்கள். வேட்டியில் படம் உறைந்து நின்றது. மணி ஒன்றே முக்கால். போட்டிக்கு அனுப்ப வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது, ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

"மேடம், நீங்க பாத்தீங்களே இந்தக் காட்சியை. ஒண்ணும் சொல்லலயே?"

"எனக்கும் தெரியாது அண்ணே. அழகா இருக்குன்னு நானும் கை தட்டினேன்."

அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சிகாமணி அவரை மலைப்போடு பார்த்தார். படித்த வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் இவ்வளவு இலகுவாக வந்து அவர் கேட்டதே இல்லை.

சிகாமணி ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எடுத்தா போட்டி போயிரும். சென்னை, முன்வரிசை எல்லாம் போயிரும். இன்னைக்கே இப்படியே அனுப்பினா, அங்க பாக்கவங்க என்ன சொல்லுவாவ மேடம்?"

மேடம் எழுந்து, ஒரு முனையில் வேட்டியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க அண்ணே."